ஐந்து பனியனும் ஒரு கணவாயும்

இமயமலையில் ஒரு வட்டம் அடிக்க நானும் ராமசாமியும் நாலு வருஷம் திட்டம் போட்டோம். எல்லாம் மின்வெட்டின் புண்ணியம்.

எழுபதுகளின் நடுவில் திருப்பூரில் மத்தியானம் கரண்ட் போனால் எப்போது திரும்பும் என்று ஆண்டவனுக்கும் தெரியாது. நான் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ராமசாமி பக்கத்துக் கட்டடத்தில் நாலு நிட்டிங் மெஷின் போட்டுத் துணி ஓட்டிக்கொண்டிருந்தான். பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பிள்ளை. மெஷின் நின்றதும் நேராக என் கட்டிங் டேபிளுக்கு வந்துவிடுவான். பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதம் என்றாலும் எங்கள் பக்கத்து வழக்கப்படி வாங்க போங்க என்றுதான் பேசிக்கொள்வோம். சண்டை போட்டால்கூட மரியாதை குறையாது.

முதலாளி என்னைக் கல்கத்தாவுக்குச் சரக்கோடு அனுப்பியபோது நடைபாதைக் கடையில் நேபாள மலைகளின் வரைபடம் ஒன்று கிடைத்தது. அதை டேபிளில் விரித்து, துணிக்குக் கோடு போடும் சாக்பீஸாலேயே பாதை போட்டோம். ஒரு பக்கம் ஏறி, ஒரு சின்னக் கணவாயையும் ஒரு பெரிய கணவாயையும் தாண்டி, நஞ்சுண்ட சிவன் தாகத்துக்குச் சூலத்தால் குத்தி உண்டாக்கினார் என்கிற கோசாயின் குண்டம் என்ற ஏரியில் தலை முழுகி, மறுபக்கமாக இறங்க வேண்டும். மூட்டை எங்கள் முதுகில். போன வழியே திரும்பக் கூடாது என்பது என் பிடிவாதம். வெட்டின இடத்திலேயே மறுபடி கத்தரி ஓட்டினால் என்ன கிடைக்கும்?

"ஏனுங்க மாப்ள, இந்த நீலக் கோடு ஆறுங்களா?" என்பான் ராமசாமி.

"ஆறுதானுங்க."

"பாலமிருக்குமுங்களா?"

"இல்லீன்னா நீஞ்சோணுமுங்க."

"எனக்கு நீச்சல் தெரியுமுங்க. உங்களைத் தூக்கத்தான் ஆள் புடிக்கோணும்."

ராமசாமிக்குத் திட்டம் போடுவதில் இருந்த ருசி சாப்பாட்டில்கூடக் கிடையாது. எத்தனை படி அவல், எவ்வளவு வெல்லம், கொப்பளத்துக்கு என்ன மருந்து, மழை பிடித்தால் எந்தக் கிராமத்தில் ஒதுங்குவது, எல்லாம் அவன் யோசனை. கரண்ட் வந்தால்தான் எழுந்து போவான். சில நாள் வந்த பிறகும் போகமாட்டான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று ஆரம்பித்தால் அது வேறு கட்டுரையாகிவிடும். ஊரோரம் மண்ணரை என்கிற இடத்தில் ஒற்றை அறை, மெஸ்ஸில் சாப்பாடு. அந்த மத்தியானங்களுக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

குளிருக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோதுதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது.

"ஸ்வெட்டர் வாங்கோணுமுங்களே?" என்றான் ராமசாமி.

"பனியன் ஊர்க்காரன் ஸ்வெட்டர் தேடிப் போனான்னா சிரிக்க மாட்டாங்களாங்க?"

அவனுக்கும் அது ரோஷமாகப் பட்டது. அவனுடைய மெஷினிலேயே தடித்த பருத்தி நூலைப் போட்டு கனமாகத் துணி ஓட்டினோம். நான் முழுக்கை வைத்து வெட்டினேன். என் அளவு எண்பத்தைந்து. அதன்மேல் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, நூறு, கடைசியாக நூற்றைந்து. ஐந்தும் ஒன்றுக்குள் ஒன்று இறங்குகிற மாதிரி தைத்து வாங்கினோம். சித்திரை வெயிலில் ஐந்தையும் போட்டுக்கொண்டு கட்டிங் டேபிள் மேல் ஏறி நின்றேன். தலையிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. "பாருங்க, எப்படி வேர்க்குது! குளுரு கிட்ட வருமுங்களா?" என்று ராமசாமி கை தட்டினான். எனக்கும் அந்தக் கணக்கு சரியாகவே பட்டது.

தீபாவளிச் சரக்கு போனதும் கம்பெனியில் கொஞ்ச நாள் வேலை ஓய்ந்திருக்கும். அதுதான் எங்கள் சமயம். ஆனால் ராமசாமியின் மச்சினனுக்குக் கல்யாணம் வந்துவிட்டது. "நீங்க முன்னால போங்க. தாலி கட்டுன கையோட நான் ரயிலேறிப்போடறேன். காத்மாண்டுல பாக்கலாம்" என்றான். சாமான்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். பம்ப் ஸ்டவ் என்னிடம். அதன் அடைப்பைக் குத்துகிற பின் அவனிடம். கூடாரத் துணி என்னிடம். அதை நிறுத்துகிற கம்புகள் அவனிடம். இருவரும் சேர்ந்தால்தான் ஒரு ஆள் என்கிற கணக்கு.

வெளிநாடு என்றால் கடல் தாண்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். நான் குதிரை வண்டியில் தாண்டினேன். எல்லையில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்காக ரயிலெல்லாம் ஹிந்தியில் பதில் தயார் செய்துகொண்டு போனதுதான் வீண்.

காத்மாண்டு பஸ்ஸில் என் காலடியில் ஒரு ஆடு, மடியில் பக்கத்து சீட்டுக்காரியின் கோழிக்கூடை. மலை ஏற ஏற டிரைவர் பாடிக்கொண்டே ஓட்டினார். பாட்டு நின்றபோது ரேடியேட்டர் குழாய் வெடித்து ஆவி புறப்பட்டது. எல்லோரும் இறங்கி நின்றோம். "துணி இருக்கா, துணி?" என்று டிரைவர் ஒவ்வொருவராகக் கேட்டுவந்தார். பரிசு கொடுக்க ஆகும் என்று கொண்டுபோன சாதா பனியன்களில் ஒன்றை எடுத்து நீட்டினேன். அதைக் கிழித்து முறுக்கிக் குழாயில் கட்டினார். பஸ் முனகிக்கொண்டு கிளம்பியது. நல்ல துணி, எந்த ஊர் என்று விசாரித்தார். திருப்பூர் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பாட்டை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். இந்த வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்க ஆள் நாலு நாளில் வந்துவிடும் என்று பத்திரமாக மனதில் வைத்துக்கொண்டேன்.

காத்மாண்டுவில் இரண்டு கட்டில் போட்ட அறை எடுத்தேன். விடுதியை நேவார் இனத்து அம்மாள் ஒருத்தி நடத்தினாள். அவள் போட்ட சோறு நன்றாகவே இருந்தது. எங்கள் ஊரில் அரிசியும் பருப்பும் ஒரே பானையில் விழுந்து ஒன்றாக வேகும். இங்கே சோற்றைத் தனியாகவும் பருப்பைத் தனியாகவும் வைத்து, சேர்க்கிற வேலையை நம்மிடம் விட்டுவிடுகிறார்கள். "சிநேகிதர் இன்று வருகிறாரா?" என்று அந்த அம்மாள் தினமும் கேட்பாள். ஆமாம் என்பேன். எதிர்க் கட்டிலில் என் ஈரத் துண்டைக்கூடப் போடாமல் வைத்திருந்தேன்.

தந்தி ஆபீஸ்காரருக்கு என் முகம் பழகிவிட்ட பிறகு ஒரு காலையில் தந்தி வந்தது. "வர இயலவில்லை. தாங்கள் போகவும்." அவ்வளவுதான். காரணம் ஒன்றும் இல்லை.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அழுகையும் வந்தது. நாலு வருஷம்! ஒரு சுமைக்காரனை வைத்துக்கொள்ளும்படி விடுதி அம்மாள் சொன்னாள். அல்லது ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போ என்றாள். எனக்கு வீம்பு ஏறிவிட்டது. தனியாகவே ஏறுவேன், பெரிய கணவாயைத் தாண்டுவேன், வட்டத்தை முடித்துவிட்டு ராமசாமி முன்னால் போய் நிற்பேன், நீங்க இல்லாமலும் நடந்தது என்று காட்டுவேன். அதைத் தவிர வேறு எதுவும் எனக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை. கம்பில்லாத கூடாரத்தைப் போர்வையாக மடித்து மூட்டையில் வைத்துக் கட்டினேன்.

முதல் நாள் முழுக்கக் கல்படி. தைப்பூசத்துக்கு வருஷாவருஷம் பழனிக்கு நடக்கிறவன் நான், கால்கள் பயப்படவில்லை. ஆனால் பழனி நடை வேறு. முன்னாலும் பின்னாலும் ஆள். அரோகரா சத்தம். பந்தலுக்குப் பந்தல் நீர்மோரும் பானகமும் கையில் திணிப்பார்கள். இங்கே கேழ்வரகு வயல்கள் படி படியாக இறங்கிப் போயின. தூரத்தில் யாரோ மாட்டை அதட்டினார்கள். மூச்சு வாங்கி உட்கார்ந்தால், "ஏனுங்க, அதுக்குள்ளயா?" என்று கேலி பண்ண ஒரு ஜீவன் இல்லை.

இரண்டாம் நாள் சின்னக் கணவாய். கணவாய் என்றால் இரண்டு பாறைக்கு நடுவே கதவு மாதிரி இருக்கும் என்று நாங்கள் பேசியிருந்தோம். அது சும்மா ஒரு மேட்டு மந்தைவெளி. கொடித் துணிகள் படபடத்தன. "வந்தாச்சுங்க" என்று சத்தமாகச் சொன்னேன். அன்று நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். கொடிக்கம்புக்குத்தான் சொன்னேன்.

அன்று தங்கிய வீட்டில் கிண்டிய களி போட்டார்கள். நான் உருண்டை பிடித்து, குழம்பில் முக்கி, மெல்லாமல் விழுங்கினேன். வீட்டுக்காரி கரண்டியோடு நின்று பார்த்துவிட்டு, தன் மகளைக் கூப்பிட்டு என்னைக் காட்டிச் சிரித்தாள். வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாம் இதை மென்று கஷ்டப்படுவார்களாம், நீ எங்கள் ஆள் என்று சைகையில் சொன்னாள். எனக்கு அந்த வீட்டிலேயே இருந்துவிடலாம் போலிருந்தது. கூச்சத்தில் இரண்டாம் தரம் கேட்காமல் எழுந்துவிட்டேன்.

அதற்கு மேலே வீடுகள் குறைந்தன. மரங்களும் குறைந்தன. ஸ்டவ் அடைத்துக்கொண்டது. குத்துகிற பின் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அவலைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து வெல்லத்தோடு தின்றேன். அதைத் தின்றபடியே ராமசாமியைத் திட்டினேன். வாய்விட்டுத் திட்டினேன். திட்டும்போதும் வாங்க போங்க என்றே வந்தது.

பெரிய கணவாய்க்கு ஏறும் நாள் காலையில் ஐந்து பனியனையும் போட்டுக்கொண்டேன். வெயில் அடித்தது. கொஞ்ச தூரத்திலேயே உடம்பு வேர்த்து வழிந்தது. "பருத்திப் பனியன், வேர்வையை உறிஞ்சும்" என்றுதான் கல்கத்தா வியாபாரிகளிடம் நான் சரக்கை விற்பேன். அது உண்மை. எண்பத்தைந்து உறிஞ்சித் தொண்ணூறுக்குக் கொடுத்தது. தொண்ணூறு அதற்கு மேலே கொடுத்தது. மத்தியானத்துக்குள் நூற்றைந்து வரை நனைந்துவிட்டது. பிறகு மேகம் இறங்கியது. காற்று வந்தது, பனி வந்தது. என் மேல் இருந்தது ஐந்து ஈரத் துணி. அதன்மேல் பனிக்காற்று அடித்தால் என்ன ஆகும் என்பதை எந்த மத்தியானத்திலும் நாங்கள் யோசித்ததில்லை.

இடையர்கள் விட்டுப்போன கல் கொட்டகை ஒன்று இருந்தது. அதற்குள் போய் உட்கார்ந்தேன். பல் கிட்டியது. பனியனைக் கழற்ற விரல் மடங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று சுகமாகத் தூக்கம் வந்தது. நல்லவேளை குளிர் விட்டது என்று நினைத்தேன். நான் செத்துக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

கணவாயிலிருந்து இறங்கி வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும்தான் என்னைப் பார்த்தார்கள். அவன் பெயர் சோனாம். டார்ஜிலிங்கில் ரோடு வேலை செய்தவன், ஹிந்தி தெரியும். அவள் மாயா. அவளுடைய அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சோனாம் என் கன்னத்தில் அறைந்து எழுப்பினான். மாயா என் பனியனைப் பிடித்து உரித்தாள். உள்ளே இன்னொன்று. அதை உரித்தாள். இன்னொன்று. மூன்றாவது வந்தபோது அவள் என்னவோ கேட்டாள், சோனாம் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இவன் மனுஷனா வெங்காயமா என்று கேட்கிறாள்" என்றான்.

ஆட்டு ரோமத்தில் நெய்த போர்வை ஒன்றை என்மேல் சுற்றினார்கள். முரட்டு நூல், அங்கங்கே முடிச்சு, ஆட்டு நாற்றம். எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு துணி வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன். அதற்குள் சுருண்டு கிடந்தேன். அவர்கள் நெருப்பு மூட்டினார்கள். வெண்ணெயும் உப்பும் போட்ட டீ தொண்டையில் இறங்கியபோது எனக்குக் கண்ணீர் வந்தது. புகை என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கணவாய் தலைக்கு மேலே பக்கத்தில் தெரிந்தது. பனியில் அவர்கள் இறங்கி வந்த கால்தடங்கள் தையல் போட்ட மாதிரி மேலே போயின.

"எங்கள் தடத்திலேயே போ. மத்தியானத்துக்குள் தாண்டிவிடலாம்" என்றான் சோனாம். "அந்தப் பக்கம் குண்டம். ஆனால் குளிர்காலத்துக்காக ஆட்கள் எல்லாம் கீழே இறங்கிவிட்டார்கள். ஒரு வீட்டிலும் புகை இருக்காது. இந்தப் போர்வையை எடுத்துக்கொள், ஒன்றும் ஆகாது."

உடம்பு சரியாகத்தான் இருந்தது. போர்வை இருந்தது, தடம் இருந்தது. கும்பிட்டுவிட்டு ஏறினேன். மூச்சு வாங்கி நின்ற இடத்தில் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் இரண்டு பேரும் கீழே சின்னதாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மாயா எதற்கோ புருஷனைத் திட்டிக்கொண்டு போனாள். அந்தக் குரல் மேலே வரை கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது கேட்காது. பிறகு அந்தப் பக்கத்தில், புகை இல்லாத வீடுகளுக்கு நடுவே நான் மட்டும் இருப்பேன்.

என்னால் முடியவில்லை. களைப்பு இல்லை, பயம்கூட இல்லை. தனியாக இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். "பையா! பையா!" என்று ஹிந்தியில் அண்ணா போட்டுக் கத்திக்கொண்டு கீழே ஓடினேன். இரண்டு தரம் விழுந்தேன். ஏன் என்று சோனாம் கேட்கவில்லை. எனக்கு வழி விட்டு நடுவில் நடக்க வைத்தான்.

அன்று முழுதும் மாயா திட்டிக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அப்பேர்ப்பட்ட சங்கீதத்தை நான் கேட்டதில்லை. கருங்கல் மாதிரி காய்ந்த பாலாடைக்கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மூவரும் இறங்கினோம். மறுநாள் பாதை பிரிகிற இடத்தில் அவர்கள் வேறு பக்கம் திரும்பினார்கள். போர்வையைத் திருப்பிக் கொடுத்து, காய்ந்திருந்த பனியன்களையும் கொடுத்தேன். நூற்றைந்தைச் சோனாம் போட்டுப் பார்த்தான். கோடைக்கு நல்லது என்றான். பிறகு போய்விட்டார்கள். துணைக்காக வட்டத்தையே விட்டேன். துணை அடுத்த நாள் மத்தியானம்வரைகூட வரவில்லை.

திருப்பூருக்கு வந்து இறங்கிய மறுநாளே ராமசாமி கம்பெனிக்கு வந்தான். எனக்கு எதிரில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டான்.

"வட்டத்தை முடிச்சுப்போட்டீங்களா மாப்ள?"

"இல்லீங்க. பெரிய கணவாய்க்கு அடியிலயே திரும்பிட்டனுங்க."

"பனியாங்க?"

"பனி விட்டுப்போச்சுங்க. போயிருக்கலாம்."

"அப்பறம் ஏனுங்க?"

ரயிலில் வரும்போது இதற்கு நாலைந்து பதில் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது அதில் இல்லாத ஒன்று.

"நீங்க வரலைங்க. அதனாலதான்."

அவன் உட்கார்ந்தான்.

"கல்யாணம் அன்னிக்கே முடிஞ்சுபோச்சுங்க" என்றான். "டேசனுக்கு வந்து, டிக்கெட்டும் எடுத்துப்போட்டேன். ரயிலு வந்து நின்னுச்சு, ஏறலைங்க. எனக்கு ஒசரமுன்னா பயமுங்க. கெணத்து மேட்டுல நின்னாலே காலு நடுங்கும். நாலு வருசமா சொல்லோணும் சொல்லோணும்னுதான் இருந்தனுங்க. சொல்லிப்போட்டா நம்ம பேச்சு நின்னு போயிருமேன்னு சொல்லலைங்க."

அவனை அறைந்துவிடலாமா என்று இருந்தது. அதே சமயம், அந்தக் கல் கொட்டகையில் கண்ணை மூடும்போது நான் நினைத்தது பனி மலையை இல்லை, இவன் பேச்சைத்தான் என்பதும் ஞாபகம் வந்தது. டீ சொல்லி அனுப்பினேன். வந்தது, குடித்தோம்.

"ஏனுங்க," என்றான் கடைசியில், என் முகத்தைப் பார்க்காமல். "குண்டத்துப் பக்கமிருந்து ஏறி இந்தப் பக்கமா எறங்குனா, அந்தக் கணவாய் கொஞ்சம் சுலபமா இருக்குமுங்களா?"

அவன் வரமாட்டான். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"சுலபந்தானுங்க" என்றேன். "உங்களுக்கு எந்த மாசம் தோதுப்படும்?"